மாணவர் 200 பேர்தான், 400 அல்ல

கேள்வி: எம்.எட். ஆய்வேட்டுக்கு முன் பயிற்சியாக, புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் எச்எஸ்பி2 தரவை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 200 பேரின் மதிப்பெண்கள் அதில் உள்ளன. கணிதச் சராசரி 52.65, வாசிப்புச் சராசரி 52.23. இரண்டு குழுக்களை ஒப்பிடும் டி-சோதனை போட்டேன், பி-மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இந்த அளவு வர உள்ள வாய்ப்பு) 0.67 வந்தது. சோதனையே தப்பு என்கிறார் வழிகாட்டி. எப்படிப் போட்டாலும் வித்தியாசம் இல்லை என்றுதானே வரப்போகிறது? இந்த மாணவர்கள் வாசிப்பைவிடக் கணக்கில் கெட்டி என்று சொல்லலாமா, கூடாதா?

பதில்: வழிகாட்டி சொல்வது சரி. நீங்கள் போட்ட சோதனை, கணக்குத் தேர்வு எழுதிய 200 பேர் ஒரு கூட்டம், வாசிப்புத் தேர்வு எழுதிய 200 பேர் வேறொரு கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் இருப்பதோ ஒரே 200 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு மதிப்பெண். ஒரு பிள்ளையின் இரண்டு மதிப்பெண்களும் ஒரே வரிசையில் இருப்பது வெறும் அட்டவணை வசதிக்காக அல்ல. அந்தப் பிணைப்பைத்தான் உங்கள் சோதனை அறுத்துவிட்டது.

செய்யவேண்டியது எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் கணித மதிப்பெண்ணிலிருந்து வாசிப்பு மதிப்பெண்ணைக் கழியுங்கள். 200 வித்தியாசங்கள் கிடைக்கும். இனி அந்த ஒற்றைப் பத்தி மட்டுமே உங்கள் தரவு. அதன் சராசரி 0.415, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறத்தாழ 8.1. இந்தத் திட்டவிலக்கத்தை 200இன் வர்க்கமூலமான 14.14 ஆல் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு, 0.57. சராசரியைத் திட்டப் பிழையால் வகுத்தால் டி-மதிப்பு 0.72, பி-மதிப்பு சுமார் 0.47. இதற்குப் பெயர் இணை டி-சோதனை. எக்செலில் டி.டெஸ்ட் வாய்ப்பாட்டின் கடைசி இடத்தில் 1 என்று கொடுத்தால் இந்தச் சோதனைதான் நடக்கும். நீங்கள் 2 அல்லது 3 கொடுத்திருப்பீர்கள்.

இரண்டு வழியிலும் விடை மாறவில்லையே என்பீர்கள். திட்டப் பிழையைப் பாருங்கள். உங்கள் வழியில் அது 0.98, இணைவழியில் 0.57. இந்தத் தரவில் கணிதத்துக்கும் வாசிப்புக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.66. நன்றாக வாசிக்கும் பிள்ளை பெரும்பாலும் கணக்கிலும் சுமாராகவாவது தேறிவிடும். வீட்டுச் சூழல், பள்ளி, உழைப்பு எல்லாம் இரண்டு பாடத்துக்கும் பொதுதானே. கழிக்கும்போது அந்தப் பொதுப்பங்கு அடிபட்டுப்போகிறது, மிச்சமிருப்பது பாடத்தால் வரும் ஏற்றத்தாழ்வு மட்டும். ஒட்டுறவு பூஜ்ஜியமாக இருந்திருந்தால் இரண்டு திட்டப் பிழையும் ஒன்றாகவே வந்திருக்கும்.

இங்கே தப்பித்துவிட்டீர்கள், எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. டி-சோதனையின் மூலக் கட்டுரையே இதற்குச் சாட்சி. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் அதை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட ஓர் உதாரணம், 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த தரவு. ஆர் மென்பொருளில் அது இன்றும் கூடவே வருகிறது, போட்டுப் பாருங்கள். தனித்தனிக் குழுக்களாகப் பாவித்தால் பி-மதிப்பு 0.079, இணையாகப் பாவித்தால் 0.003. எண்கள் அதேதான், வழக்கமான 0.05 எல்லையை வைத்துப் பார்த்தால் முடிவு தலைகீழ்.

சரி, உங்கள் 0.47க்கு வருவோம். கணக்கும் வாசிப்பும் சமம் என்று அது நிரூபித்துவிடவில்லை. சராசரி வித்தியாசத்துக்கான 95% நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ -0.7 முதல் 1.5 வரை. வித்தியாசம் இருந்தாலும் இதற்குள்தான் இருக்கக்கூடும், அது எந்தப் பக்கம் என்று இந்தத் தரவால் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். அப்புறம், சராசரி வித்தியாசம் அரை மதிப்பெண்கூட இல்லை என்பதால் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டிலும் ஒன்றுபோல் என்று எழுதிவிடாதீர்கள். திட்டவிலக்கம் 8.1 என்றால், இரண்டு பாடத்துக்கும் இடையே எட்டு மதிப்பெண் விலகி நிற்பது இந்த மாணவர்களிடையே சாதாரண விஷயம்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தரவு, அமெரிக்காவின் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் 1980இல் தொடங்கிய ‘ஹைஸ்கூல் அண்ட் பியாண்ட்’ ஆய்விலிருந்து எடுத்தது. இவை வினாத்தாளில் வாங்கிய நேரடி மதிப்பெண்கள் அல்ல, தரப்படுத்தியவை. அதாவது, ஒவ்வொரு பாடத்திலும் மொத்தக் கூட்டத்தின் சராசரி 50, திட்டவிலக்கம் 10 என்று வருமாறு மாற்றியமைத்தவை. கணக்கின் சராசரியும் 50, வாசிப்பின் சராசரியும் 50 என்று முதலிலேயே சமன்செய்த பிறகு, எதில் கெட்டி என்று கேட்டால் அந்த எண்கள் எப்படிச் சொல்லும்? கணிதத்தில் 55 என்றால் சக மாணவர்களின் சராசரியைவிட அரைத் திட்டவிலக்கம் மேலே என்று பொருள். ஆக, உங்கள் 0.415 சொல்வது, இந்த 200 பேர் சக மாணவர்களுக்கு நடுவே வாசிப்பில் நிற்கும் இடத்தைவிடக் கணக்கில் ஒரு துளி மேலே நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான். அந்தத் துளியும் தற்செயலாக வந்திருக்கலாம்.

நேரடி மதிப்பெண்களை வைத்தால் தீருமா என்றால், அதுவும் தீராது. நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு முடிவுகளையே பாருங்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், தமிழில் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்போமா? வினாத்தாளும் திருத்தும் முறையும் வேறு என்றுதான் சொல்வோம்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். கணக்குக்கும் வாசிப்புக்கும் உள்ள இடைவெளி மாணவருக்கும் மாணவியருக்கும் வேறுபடுகிறதா என்று கேட்கலாம். இதே தரவில் 91 மாணவர், 109 மாணவியர். கழித்து வந்த வித்தியாசத்தின் சராசரி மாணவரிடம் சுமார் 0.1, மாணவியரிடம் 0.7. இவர்கள் உண்மையிலேயே வெவ்வேறு ஆட்கள் என்பதால், நீங்கள் முதலில் போட்ட அதே சோதனை இங்கே முறையானது. அதைப் போட்டால் டி-மதிப்பு ஒன்றைக்கூட எட்டாது, அதாவது இங்கேயும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல முடியாது; ஆனால் கேள்வியாவது தரவால் பதில்சொல்லக்கூடிய கேள்வி.

படம் வரையும்போதும் இணையை அறுக்காதீர்கள். ஆய்வேடுகளில் இரண்டு பாடத்துக்கும் பக்கம்பக்கமாகப் பெட்டிப்படம் (மதிப்பெண்களின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் படம்) போடுவது வழக்கமாகிவிட்டது. யாருடைய கணக்கு யாருடைய வாசிப்போடு சேர்ந்தது என்பது அதில் தெரியவே தெரியாது. கணிதத்தை ஓர் அச்சிலும் வாசிப்பை மற்றோர் அச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறித்து, நடுவே மூலைவிட்டக் கோடு ஒன்றை இழுங்கள். கோட்டுக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆய்வேட்டுக்கு உங்கள் பகுதிப் பள்ளிகளிலிருந்து மதிப்பெண் திரட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்று: பள்ளியின் அடையாளத்தையும் ஒரு பத்தியாகக் குறித்துவையுங்கள். ஒரே ஆசிரியரிடம் படித்த 40 பேரை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற 40 பேராக இணை டி-சோதனையும் எண்ணிவிடும்.