கேள்வி பதில்: ஒரே நாளில் பதிவான பிளாக் சபாத்

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், மதுரை)

நம்பலாம். 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோ, ஏறக்குறைய 12 மணி நேரம். கிடைத்ததே இரண்டு நாள், அதில் ஒன்று மிக்ஸிங்குக்குப் போய்விட்டது. டோனி அயோமி கிட்டார், கீஸர் பட்லர் பேஸ், பில் வார்ட் டிரம்ஸ் என மூவரும் ஒன்றாக வாசிக்க, தனித் தடுப்புக்குள் நின்று ஓஸி ஆஸ்போர்ன் கூடவே பாடினார். பெரும்பாலான பாட்டுகளை இரண்டாவது முறை வாசிக்கவே இல்லை. ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல தடவை மேடையேறிப் பழகிய கை, அதனால் முடிந்தது. பிறகு சேர்த்தது சில இடங்களில் இரண்டாவது கிட்டாரும், தொடக்கத்தில் வரும் மழை, இடி, மணியோசையும்தான்.

நடுவில் ஒரு கோளாறு. ‘விக்கெட் வேர்ல்ட்’ பதிவானதும் அயோமியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) செத்துப்போனது. மாற்றாகக் கொண்டுவந்த கிப்ஸன் எஸ்ஜி என்ற கிட்டாரை எடுத்தார். மற்றப் பாட்டுகளில் நீங்கள் கேட்பது அதைத்தான்.

முதல் பாட்டின் மூன்று சுரத்தில் ஏன் அவ்வளவு பயம்? அதைத் திருச்சபை தடை செய்திருந்ததாமே? (வாசகி, தஞ்சாவூர்)

ஜி, அதன் மேல் ஸ்தாயி ஜி, அங்கிருந்து இறங்கி சி ஷார்ப். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். கல்யாணியில் தினமும் கேட்கிற மத்யமம்தான். ஆனால் கல்யாணியில் அதற்கு அக்கம்பக்கத்தில் காந்தாரமும் பஞ்சமமும் துணைக்கு இருக்கும். இங்கே ஆள் அரவமற்ற தெருவில் அது தனியே நிற்கிறது. வேகமும் மிகக் குறைவு. பஞ்சமத்துக்குப் போய்ச் சேரும் என்று காது காத்திருக்க, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மறுபடி ஸட்ஜத்துக்கே போய்விடுகிறது.

தடை என்பது கட்டுக்கதை. ‘இசையில் சாத்தான்’ என்ற பொருள்படும் லத்தீன் தொடர் 18-ஆம் நூற்றாண்டு இசை ஆசிரியர்களின் எழுத்தில் வருகிறது. பாடக் கடினம் என்கிற எச்சரிக்கைதான், தண்டனை அல்ல.

அதே கனத்துக்காக என் கிட்டாரை சி ஷார்ப்புக்கு இறக்கினேன். தந்தி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையில்) அடித்துக் கரகரக்கிறது. ஏன்? (வாசகர், கோவை)

முதலில் ஒரு திருத்தம்: முதல் ஆல்பம் வழக்கமான ஈ ட்யூனிங்கில் இருக்கிறது. மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் சில பாட்டுகளில். அயோமிக்கு அதற்குக் காரணம் இருந்தது. 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, தேய்த்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி கடையில் கிடைக்காததால் பாஞ்சோ தந்தி மாட்டினார். தந்தி தளர்ந்தால் அவர் விரலுக்குச் சுகம்.

உங்கள் கிட்டாருக்கு அது சுகமில்லை. மூன்று அரைச்சுரம் இறக்கினால் தடித்த ஆறாம் தந்தி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3-க்கு வரும், இழுவிசை 29 விழுக்காடு குறையும். இழுவை குறைந்ததும் கழுத்துக்குள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஜெயித்து, கழுத்தைப் பின்னால் வளைக்கும். தந்தி ஃப்ரெட்டை நெருங்கும். கரகரப்பு அதுதான்.

பழைய இழுவிசை வேண்டுமென்றால் தந்தியின் தடிமன் சுமார் 1.19 மடங்காக வேண்டும். 10-46 செட் (மெல்லிய, தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில்) மாட்டியிருந்தால் 12-54. மாட்டி ட்யூன் செய்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டருகே இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். இடைவெளியே இல்லையென்றால் ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள், அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். ட்யூன் செய்யும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுரம் குதித்தால், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் தடித்த தந்தி சிக்குகிறது. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. கடைசியில் 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வாசித்த சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) ஏறி ஒலித்தால், தந்தியின் மறுமுனையைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று: ஆம்பில் உறுமலைக் கூட்டும் கெய்னை ஏற்றினால் கனம் வராது, குழைந்துபோகும். அயோமி, மேல்சுரங்களைத் தூக்கிக் காட்டும் ட்ரெபிள் பூஸ்டர் கருவியை லேனி ஆம்புக்கு முன்னால் வைத்தார். கீழ்ச்சுரங்கள் உறுமலுக்குள் போகும் முன்பே மட்டுப்படும். அடியை நிரப்புவது அதே ரிஃப்பை வாசிக்கும் பட்லரின் பேஸ். தனியே கிட்டாரில் மட்டும் அதைத் தேடினால் கிடைக்காது.

என் பையன் இதைக் கேட்கிறான். சாத்தான் வழிபாடு இல்லையே? (வாசகி, திருநெல்வேலி)

இல்லை. தலைப்புப் பாட்டில் கறுப்பு உருவத்தைக் கண்டவன் கடவுளே காப்பாற்று என்று அலறுகிறான். ‘விக்கெட் வேர்ல்ட்’ போரையும் வறுமையையும் பேசுகிறது. ‘என்.ஐ.பி.’யில் சாத்தான் காதலில் விழுகிறான். அந்தத் தலைப்பு, பேனா நிப் போலிருந்த பில் வார்டின் தாடியைக் கிண்டல் செய்து வைத்தது. ஆல்பத்தின் உள்பக்கத்தில் தலைகீழ்ச் சிலுவையைப் போட்டது கம்பெனி, குழுவுக்கே தெரியாமல். பையன் ஒலியளவை எவ்வளவு வைக்கிறான் என்பதைப் பாருங்கள்.

அட்டையில் இருக்கும் அந்த வீடு எங்கே? (வாசகர், காரைக்குடி)

வீடு அல்ல, தண்ணீர் ஆலை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் மேப்பிள்டர்ஹாம். படமெடுத்தவர் கீத் மெக்மில்லன். அகச்சிவப்பு ஃபிலிம் போட்டதால்தான் அந்த இளஞ்சிவப்பு. ஆலை இன்னும் நிற்கிறது.