அணில்பிள்ளையை வீட்டிலேயே வளர்த்துவிடலாமா?

கேள்வி: மரத்தடியில் விழுந்து கிடந்த அணில்பிள்ளையை மகள் எடுத்து வந்திருக்கிறாள். இன்னும் கண் திறக்கவில்லை. பசும்பால் கொடுக்கலாமா? திரும்ப விடவே மாட்டேன் என்கிறாள். வீட்டிலேயே வளர்த்துவிடலாமா?

பதில்: பசும்பாலும் வேண்டாம், வளர்ப்பதும் வேண்டாம். முதலில் தாயிடம் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு; பிள்ளை கிடைத்தால் வாயில் கவ்வித் தூக்கிப் போய்விடும்.

குட்டியைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் முதலில் சூடுதான் தேவை, பால் அல்ல. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் வயிறு ஊதிவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். கதகதப்பானதும் மூடியில்லாத அந்தப் பெட்டியை, எறும்பு ஏறாதபடி, விழுந்த மரத்திலேயே சற்று உயரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள். அணில் பகலில் நடமாடும் பிராணி. அதனால் இருட்டும்வரை காத்திருந்தால் போதும். வராவிட்டால் இரவு உள்ளே வைத்து, காலையில் மறுபடி முயலலாம். பூனை கவ்வியிருந்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பூனையின் பல்லிலுள்ள கிருமி, காயமே தெரியாவிட்டாலும், ஓரிரு நாளில் குட்டியை முடித்துவிடும். ஆன்டிபயாடிக் அவசியம்.

தாய் வரவே இல்லையென்றால், வனவிலங்கு மீட்பாளர் கைக்குப் போகும்வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இத்தனை சின்ன உடம்பில் நீர் வற்ற ஒரு நாள்கூட வேண்டாம். நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடர் சரியாக இருக்கும்: ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். முதல் வேளைக்கு மட்டும் பாலுக்குப் பதில் ஓஆர்எஸ் கரைசல் கொடுங்கள். ஒரு வேளை அளவு உடல் எடையில் 5 சதவீதம். 40 கிராம் குட்டிக்கு 2 மில்லி, அவ்வளவுதான். கண் திறக்காத குட்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.

கையால் ஊட்டும் குட்டிகளில் பல சாவது பட்டினியால் அல்ல, புரையேறித்தான். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள். குப்புற வைத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைத்துவிடுங்கள். மறுநாள் மூச்சில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் அது நிமோனியாவாக இருக்கலாம். ஊட்டிய பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடும் வேலை அது. செய்யாவிட்டால் குட்டியால் சிறுநீர் கழிக்க முடியாது.

இனி வளர்ப்பு. உள்ளங்கையில் பால் குடிக்கும் இந்தக் குட்டியும் ஒரு வயது அணிலும் வேறு வேறு பிராணிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு வந்ததும் தன் எல்லையைக் காக்கத் தொடங்கும். நேற்றுவரை மடியில் தூங்கியது இன்று விரலில் எலும்புவரை கடிக்கும். பயிற்சி இதை மாற்றாது. நாயும் பூனையும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு பழகி மாறியவை. அணிலுக்கு அந்த வரலாறு இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் எலும்பு. வீட்டு அணிலுக்கு எல்லோரும் கொடுப்பது நிலக்கடலை, இல்லையென்றால் சூரியகாந்தி விதை. நிலக்கடலையில் கால்சியத்தைவிட ஏறக்குறைய 4 மடங்கு பாஸ்பரஸ்; சூரியகாந்தி விதையில் 8 மடங்கு. அணிலுக்கு வேண்டியதோ நேர் எதிர்: பாஸ்பரஸைப் போல இரு மடங்கு கால்சியம். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். கூடவே வெயிலும் இல்லை. ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தாலும், வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். துள்ளித் திரிந்தது ஒருநாள் ஏறத் தயங்கும், பிறகு பின்னங்காலை இழுக்கும், கடைசியில் வலிப்பு. நன்றாகச் சாப்பிடுகிறதே என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

பல்லும் அப்படித்தான். முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். கடித்துத் தேய்க்க மரம் இல்லையென்றால் உங்கள் கதவுச் சட்டமும் மின்கம்பியும்தான் மிச்சம். மென்மையான உணவே தின்றால் பல் வளைந்து மேலண்ணத்தில் குத்தும். அப்புறம் காலமெல்லாம் மருத்துவர்தான் வெட்டிவிட வேண்டும். அணிலைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைப்பது லேசில்லை. தப்பி ஓடும்போது வாலை மட்டும் பிடித்துவிடாதீர்கள், தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும்.

பல நாடுகளில் காட்டு விலங்கை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். மீட்பாளரிடம் போகும் குட்டி மற்ற அணில்களோடு வளர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் மரத்துக்குத் திரும்பும். தனியாக மனிதர் மடியில் வளர்ந்தது அப்படிப் போகாது. பூனையைக் கண்டாலும் ஓடத் தெரியாது. கையில் எடுத்துக் கொஞ்ச ஒரு பிராணி வேண்டும் என்பதுதான் மகளின் ஆசையென்றால் வளர்ப்பு எலிகளோ கினிப் பன்றிகளோ பொருந்தும். எதுவானாலும் ஒன்றை மட்டும் வாங்காமல், ஒரே பாலினத்தில் இரண்டாக வாங்குங்கள்.