தொழுநோய் மாத்திரையும் ஈரல் கிருமியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். ஐந்து மாதமாகத் தொழுநோய்க்கு அட்டை மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது முழங்கை நரம்பு வீங்கி வலிக்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும் என்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டாரோ, “ஈரல் போய்விடும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி கொடு” என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அட்டை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹெப்படைட்டிஸ் பி இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த மருந்தைக் கண்காணிப்போடு முடித்துவிட முடியும். அந்த அட்டையில் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்று மூன்று மருந்து உண்டு. அதில் ஈரலைத் தொடக்கூடியது முக்கியமாக ரிஃபாம்பிசின். அது தினமும் இல்லை. 28 நாளுக்கு ஒருமுறை 600 மில்லிகிராம்தான். ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதியின் அளவு இயல்பைவிட ஐந்து மடங்கு ஏறினாலோ, வாந்தி, காமாலையோடு மூன்று மடங்கு ஏறினாலோ டாக்டரே மருந்தை நிறுத்தி, ஓஃப்ளாக்சசின், மினோசைக்ளின் போன்ற மாற்று மருந்துகளை யோசிப்பார்.

எங்களுக்குக் கவலை தருவது பிரெட்னிசோலோன். நரம்பு வீக்கத்துக்கு வழக்கமாகத் தினம் 40 மில்லிகிராமில் தொடங்கிப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். 20 மில்லிகிராமுக்கு மேல் நான்கு வாரம் தாண்டினாலே அடங்கிக் கிடந்த பி கிருமி மறுபடி பெருகி, ஈரலைத் திடீரென்று தாக்கலாம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் முடியாது. முழங்கை நரம்பு செத்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். குலை வெட்டும் கைக்கு அது பேரிழப்பு. ஆகவே பிரெட்னிசோலோனின் முதல் மாத்திரைக்கு முன்பே, “பி கிருமிக்கும் மருந்து வேண்டுமா?” என்று கேளுங்கள். என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் அல்லது டெனோஃபோவிர் டைசோப்ராக்சிலை அதே நாளில்கூடத் தொடங்கலாம். டெனோஃபோவிரின் இன்னொரு வடிவமான அலஃபெனமைட் ரிஃபாம்பிசினோடு ஒத்துப்போகாது. என்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கொடுங்கள். பிரெட்னிசோலோன் முடிந்தபின்னும் பி கிருமிக்கான மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். சட்டென்று விட்டால் கிருமி சீறி எழும்.

தோல் கிளினிக் ஒரு பக்கம், ஈரல் கிளினிக் ஒரு பக்கம் என்று அலையும்போது ஒரு டாக்டர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போகிறது. இரண்டு கிளினிக்கின் சிகிச்சைக் குறிப்பு அட்டைகளையும் ஒரே உறையில் போட்டு ஒவ்வொரு முறையும் நீட்டுங்கள்.

காமாலையைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; ஓரிரு நாளில் தெளிந்துவிடும். குளோஃபாசிமின் தோலைக் கறுப்பாக்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். மற்ற நாட்களில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், வெண்விழி மஞ்சளானால், மலம் வெளுத்தால் அன்றே கிளினிக்குப் போங்கள். டாப்சோன் ரத்த அணுக்களை உடைத்தும் காமாலை தரலாம். ரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இது கடுமையாக இருக்கும். டாப்சோன் தொடங்கிய நாலாவது, ஐந்தாவது வாரவாக்கில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

கீழாநெல்லி பி கிருமியை விரட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சம்சு, கள் இரண்டும் கூடவே கூடாது. வலிக்குப் பனடோல் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை, அதாவது 2 கிராம், தாண்ட வேண்டாம்.

கேள்வி: எனக்குத் தொழுநோயும் ஹெப்படைட்டிஸ் சியும் இருக்கின்றன. எதை முதலில் குணப்படுத்துவது?
– ஒரு வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: பெரும்பாலும் தொழுநோயை. சி கிருமிக்கான சோஃபோஸ்புவிரும் டாக்லாடாஸ்விரும் ரிஃபாம்பிசினோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு குறைந்து பலன் கெடும். மலேசிய அரசு 2017-இல் சோஃபோஸ்புவிரின் மலிவான பிரதி மருந்தை வாங்க வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமம் வழங்கியதால் அதன் விலை வெகுவாக இறங்கியது. தொழுநோய்ச் சிகிச்சை முடிந்ததும் பொதுவாக 12 வாரத்தில் சி கிருமி போய்விடும். ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் காத்திருக்கலாகாது. நிபுணர் ரிஃபாம்பிசினை மாற்றுவார்.

கேள்வி: தொழுநோய்தான் பி கிருமியைக் கொண்டுவந்ததா? வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?
– ஒரு வாசகர், தெலுக் இந்தான்

பதில்: ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதில்லை. ஆனால் கடுமையான தொழுநோய் உள்ளவர்களிடம் பி கிருமியின் தடயம் அதிகம் தெரிவதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க் குழுவினர் 1967-இலேயே எழுதினார்கள். அந்தக் காலத்து ஊசிகளும் ஒரே இடத்தில் கூட்டமாக வாழ்ந்ததும் காரணமாகியிருக்கலாம்.

தட்டு, குவளை, கட்டிப்பிடித்தல் வழியாக பி தொற்றாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு என்பவைதான் வழி. கவனிக்க வேண்டியது பிளேடு. மரத்துப்போன பாதத்தின் காய்ப்பைச் சீவும்போது ரத்தம் வந்ததே நோயாளிக்குத் தெரியாது. அதே பிளேடால் இன்னொருவர் முகம் மழிப்பார். காய்ந்த ரத்தத்திலும் பி கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். பிளேடு, நகவெட்டி, பல் துலக்கி அவருக்கென்று தனியாக இருக்கட்டும். புண்ணுக்குக் கட்டுப்போடும்போது கையுறை போடுங்கள். தரையில் சிந்திய ரத்தத்தின் மேல் குளோரோக்ஸ் ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள்.

துணைவரும் பிள்ளைகளும் ரத்தம் சோதித்துக்கொள்ளட்டும். கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று பி தடுப்பூசி. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இது போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள்தான் அநேகமாக விடுபட்டவர்கள். அதே நாளில் எல்லோரும் தோலில் உணர்வற்ற தேமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.