ரிசப்ஷன் கச்சேரிக்கு எந்த பேஸ் கிடார்?

மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் மூன்று பேஸ் இருக்கிறது. பிரிசிஷன் வகை ஒன்று, ஜாஸ் வகை ஒன்று, பேட்டரி போடும் ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸ் ஒன்று. அடுத்த மாதம் கல்யாண ரிசப்ஷன், மூன்று மணி நேரக் கச்சேரி. பெரும்பாலும் எண்பதுகளின் பாட்டு, கடைசியில் குத்துப்பாட்டு. வீட்டில் வாசித்தால் ஜாஸ்தான் அருமையாக இருக்கிறது. எதை எடுத்துப் போவது? இல்லை, புதிதாக ஒன்று வாங்கிவிடவா?"

பிரிசிஷனை எடுத்துப் போங்கள். ஐந்து தந்தியை ஸ்பேராக வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஜாஸ் அருமையாக இருக்கிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தச் சுருள்) முழுசாகத் திறந்து வைத்தால், இரண்டும் தந்தியை வேறு வேறு இடத்தில் எடுப்பதால் நடு அலைவரிசைகளில் ஒரு பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கீழேயும் மேலேயும் இருக்கிற சத்தம். தனியாகக் கேட்டால் அது இனிமைதான். மேடையில் நிலைமை வேறு. கீழே ரிதம் பேடின் கிக்கும் தபலாவின் டக்காவும் கீபோர்டுக்காரரின் இடது கையும் உட்கார்ந்திருக்கும், மேலே பாடகர்கள். பேஸுக்கு மிச்சமிருக்கும் இடம் அந்த நடுப்பகுதிதான், ஜாஸ் அங்கேதான் மெலிந்து போகிறது.

சரி, ஒரு பிக்கப்பின் வால்யூமைக் குறைத்தால் நடுச் சத்தம் திரும்ப வருமே என்று கேட்பீர்கள். வரும், கூடவே இரைச்சலும் வரும். அந்த இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, இரண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் மின் இரைச்சல் அடிபடும். கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட், டிம்மர், போதாததற்கு ஜெனரேட்டர். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸின் தடித்த ஈ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் மூன்றாவது கட்டத்தில்) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். சவுண்ட்காரர் இரைச்சலை வெட்டப் போனால் உங்கள் ஜி சுரமும் சேர்ந்து போய்விடும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிரிசிஷனில் இந்தத் தொல்லை இல்லை. 1957 முதல் ஃபெண்டர் நிறுவனம் அதற்கு வைத்த பிக்கப் இரண்டு துண்டு: ஒன்று ஈ, ஏ தந்திகளுக்கு, இன்னொன்று டி, ஜி தந்திகளுக்கு. அவையும் எதிரெதிரானவை, அதனால் இரைச்சல் எப்போதும் அடிபட்டுவிடும், வால்யூமை எங்கே வைத்தாலும். உங்களுடையதும் அப்படித் துண்டு பிக்கப்பா என்று மட்டும் பாருங்கள். டோன் குமிழைப் பாதியில் வைத்து ஆரம்பியுங்கள், எண்பதுகளின் பாட்டுக்கு அது பொருந்தும், குத்துப்பாட்டு வந்ததும் முழுசாகத் திறந்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் காலப் பாட்டுகளில் பேஸ் ஒரே சுரத்தில் நிற்பதில்லை, பாட்டுக்குள் இன்னொரு மெட்டு மாதிரி கழுத்து முழுக்க ஏறி இறங்கும். ஜாஸ் பேஸின் நெக் நட்டுப் பக்கம் (தலைப்பக்கம் தந்திகள் தாங்கும் இடம்) ஒன்றரை அங்குலம்தான், பிரிசிஷன் அதைவிட அகலம். ஸ்ட்ராப் மாட்டி நின்றுகொண்டு ஒரு மணி நேரம் பிரிசிஷனில் வாசித்துப் பாருங்கள். இடது கை உண்மையிலேயே வலித்தால் ஜாஸையே எடுத்துப் போங்கள், களைத்த கையில் எந்த பேஸும் நன்றாகக் கேட்காது. அப்போது இரண்டு வால்யூமையும் முழுசாக வைத்துவிட்டு, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றித்தரச் சொல்லுங்கள்.

ஐந்து தந்தி எப்போது தேவை? பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் கட்டையை (பாடும் சுருதியை) எழுதிப் பாருங்கள். 3 கட்டையில் திறந்த ஈ தந்தியை வைத்து வாசிக்கிற பாட்டை, தொண்டை சரியில்லை என்று பாடகர் 2½ கட்டைக்கு இறக்கச் சொன்னால் அந்த அடிச் சுரம் நான்கு தந்தியில் கிடைக்காது. ஈ தந்திக்கும் கீழே போகும் ஐந்தாவது தந்தியில் நான்காம் ஃப்ரெட்டில் இருக்கிறது. அந்த மாதிரிப் பாட்டு நாலைந்து இருந்தால் ஐந்து தந்தியே முதல் பேஸாக இருக்கட்டும். ஆனால் சப் வூஃபர் இல்லாத மண்டபத்தில் ஐந்தாவது தந்தியின் அடிச் சுரங்கள் சரியாகக் கேட்காது, மேடைக்கடியில் குமுறிக்கொண்டிருக்கும். சப் இருக்கிறதா என்று சவுண்ட்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஐந்து தந்தி பேஸின் 9 வோல்ட் பேட்டரியை அன்றைக்கே புதிதாகப் போடுங்கள். கேபிளைச் செருகியதுமே பேட்டரி செலவாகத் தொடங்கும், அதனால் இடைவேளையில் கேபிளை உருவி வையுங்கள், உருவுமுன் மியூட் செய்யச் சொல்லிவிட்டு. நடுவில் பேஸ் மாற்றினாலும் சொல்லிவிட்டு மாற்றுங்கள், ஆக்டிவ் பேஸின் சத்தம் பொதுவாகக் கூடுதலாக வரும்.

தந்திகளைக் கச்சேரியன்று மாற்றவேண்டாம், ஒரு வாரம் முன்னால் மாற்றிப் பழக்கிவிடுங்கள். ஏசி காரிலிருந்து நேரே மேடைக்கு வந்தால் சுருதி நகரும், மேடையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.

புதிதாக வாங்குவது இப்போது வேண்டாம். பிரிசிஷனை ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து நெக்கையும் தந்தி உயரத்தையும் சரி செய்யுங்கள். பிறகு ஒரு நல்ல கேபிள், தோளை அறுக்காத அகலமான ஸ்ட்ராப், சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் (பேஸை நேரே மிக்ஸரில் சேர்க்க உதவும் பெட்டி). இவை எந்த பேஸ் வாங்கினாலும் பிற்பாடு உங்களுக்கு வேண்டியவைதான்.