தரம் 10 மாணவனுக்குத் தனியாக இரசாயனவியல் சொல்லிக்கொடுக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: அக்காவின் மகன் யாழ்ப்பாணத்தில் தரம் 10 படிக்கிறான். கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் நான்தான் அவனுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்க வேண்டும். சமன்பாட்டைச் சமப்படுத்துவதும் மூல் கணக்கும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. மூலில் இருந்தே தொடங்கலாமா?

பதில்:

வேண்டாம். மூல் என்பது ஓர் எண்ணிக்கை. எதை எண்ணுகிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு அது வெறும் வகுத்தல் கணக்காகவே நிற்கும். மூலில் தடுமாறுகிற பிள்ளைகளில் அநேகருக்கு உண்மையான சிக்கல் சூத்திரத்தில்தான் இருக்கிறது. எழுத்தின் கீழே சிறிதாக நிற்கும் 2-உம் சூத்திரத்தின் முன்னால் பெரிதாக நிற்கும் 2-உம் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான்.

முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். ஒரு கொப்பித் தாளில் நாலு கேள்வி கொடுங்கள். 100 கிராம் நீரில் 10 கிராம் சீனியைக் கரைத்தால் கரைசலின் திணிவு என்ன? '3எச்₂ஓ' என்பதைப் படமாகக் கீறு. கல்சியம் ஐதரொட்சைட்டின் சூத்திரத்தை எழுதி, அதில் எத்தனை ஒட்சிசன் அணு என்று சொல். 'எச்₂ஓ', 'எச்₂ஓ₂' இரண்டும் ஒரே பொருளா? மருமகன் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள். முதற் கேள்விக்கு 100 என்றால், கரைந்தது காணாமற் போய்விட்டது என்று நினைக்கிறான். இரண்டாவதுக்கு ஆறு ஐதரசனையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் கீறினால், உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஐம்பது பேர் இருக்கிற ரியூசன் வகுப்பில் அந்தப் படத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஒருவனோடு மட்டும் இருந்து படிப்பிப்பதன் முழுப் பலனும் அதைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. "விளங்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும்.

சூத்திரம் எழுதுவதற்கு, முதல் 20 மூலகங்களின் குறியீடும் வலுவளவும் (ஓர் அணு எத்தனை பிணைப்பு ஆக்கும் என்ற எண்) கைவசம் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு கிழமை போதும், ஒரு பாட நாளுக்கு ஐந்து. வலுவளவுகளைக் குறுக்காக மாற்றி எழுதும் முறையைச் சொன்னால், மகனீசியம் ஒட்சைட்டுக்கு 2-உம் 2-உம் போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். எளிய விகிதத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள். குறியீட்டின் இரண்டாம் எழுத்து எப்போதும் சிறிய எழுத்துத்தான். கோபாற்றின் இரண்டாம் எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது காபனோரொட்சைட்டு ஆகிவிடும்.

இனிச் சமப்படுத்தல். மேசையில் ஒரு கைப்பிடி கடலையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வையுங்கள். கடலை மகனீசியம், புளியங்கொட்டை ஒட்சிசன். ஒட்சிசன் சோடியாகத்தான் வரும், தனியாக எடுக்க அனுமதியில்லை. ஒரு கடலையும் ஒரு சோடியும் வைத்து மகனீசியம் ஒட்சைட்டு செய்யச் சொன்னால் ஒரு புளியங்கொட்டை மிஞ்சும். இந்த இடத்தில் தாளில் பிள்ளைகள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: மிஞ்சிய ஒட்சிசனை அடக்க விளைவின் கீழே 2 போட்டுவிடுவார்கள். கணக்கு நேராகிவிடும், ஆனால் பொருள் வேறாகிவிடும். ஆகவே எழுதிய ஒவ்வொரு சூத்திரத்தையும் சுற்றிப் பேனையால் பெட்டி கீறச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கை வைக்கக்கூடாது, பெட்டிக்கு முன்னால் மட்டுமே எண் போடலாம். மேசையில் இன்னொரு கடலை கொண்டுவந்தால் மிஞ்சியதும் சேர்ந்துவிடும்: 2 கடலை, 1 சோடி, 2 ஒட்சைட்டு, அதாவது 2, 1, 2. சல்பேற்று, நைத்திரேற்று போன்றவை இரு பக்கமும் உடையாமல் வந்தால் அவற்றையும் ஒரு பொதியாகவே எண்ணட்டும். பத்துச் சமன்பாடு சரியாகச் செய்தபின், நீங்கள் வேண்டுமென்றே பிழையாக எழுதிய மூன்றைக் கொடுத்துப் பிழை பிடிக்கச் சொல்லுங்கள். பிழை பிடிக்கத் தெரிந்தால்தான் உண்மையில் தெரியும்.

அதன் பிறகுதான் மூல். இதற்கும் அதே கடலையை எடுங்கள். 50 கடலையையும் 50 பயறையும் 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் தனித்தனியாக நிறுத்து, ஒன்றை மற்றதால் வகுக்கட்டும். பிறகு நூறு நூறாக எண்ணி நிறுக்கட்டும். எண்ணிக்கை சமமாக இருக்கும்வரை அந்த விகிதம் ஏறத்தாழ மாறாது. சார் அணுத்திணிவு என்பது இதுதான், எண்ணாமல் நிறுத்தே எண்ணிக்கையை அறியும் வழியும் இதுதான். அடுத்து மூன்று கிண்ணங்களில் 18 கிராம் நீர், 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சீனி நிறுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மூல். நீரிலும் சீனியிலும் 6.022 × 10²³ மூலக்கூறுகள், உப்பில் அதே எண்ணிக்கையான சோடியம் அயன்களும் அதே எண்ணிக்கையான குளோரைட்டு அயன்களும். மூன்றும் வேறு வேறு அளவில் கண்முன்னே இருக்கும்போது 'திணிவு சமமில்லை, எண்ணிக்கை சமம்' என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

இங்கே இரண்டு பிழைகளை எதிர்பாருங்கள். 8 கிராம் ஒட்சிசன் வாயுவை 16-ஆல் வகுத்து 0.5 மூல் என்பார்கள். வாயுவில் இருப்பது மூலக்கூறு, 32-ஆல் வகுத்தால் 0.25. 'மூல்' என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும் "எதன் மூல்?" என்று கேளுங்கள். மற்றது, 2, 1, 2 என்பதைக் கிராமாக எடுப்பது. உண்மையில் 48 கிராம் மகனீசியமும் 32 கிராம் ஒட்சிசனும் சேர்ந்து 80 கிராம் ஒட்சைட்டைத் தருகின்றன.

திணிவுக் காப்பை (தாக்கத்துக்கு முன்னும் பின்னும் மொத்தத் திணிவு மாறாது என்பதை) காட்டப் பலர் போத்தல் வாயில் பலூன் மாட்டுவார்கள். செய்யாதீர்கள். 4.2 கிராம் அப்பச்சோடாவும் 5 வீத வினாகிரி 60 மில்லிலீற்றரும் (இரண்டிலும் 0.05 மூல்) ஏறத்தாழ 1.2 லீற்றர் காபனீரொட்சைட்டைத் தரும். ஊதிய பலூனை வளி மேலே தாங்குவதால் தராசு ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும், பிள்ளை காப்பு விதியையே சந்தேகிக்கும். பதிலாக, வாயுச் சோடா வந்த ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் 12 மில்லிலீற்றர் வினாகிரி விட்டு, 0.8 கிராம் அப்பச்சோடாவை மெல்லிய தாளில் சுற்றிப் போட்டு உடனே மூடுங்கள். பொங்குமுன்னும் பின்னும் நிறை ஒன்றே. மூடியைத் திறந்தால் 0.3, 0.4 கிராம் அளவில் குறையும். அளவைக் கூட்ட வேண்டாம், கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். கழிவறை கழுவும் அமிலத்தையோ குளோரின் வெளிற்றியையோ இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள். வெளிற்றியோடு வினாகிரி சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற பிள்ளைக்கு வீட்டுக் கேத்திலைவிட நல்ல பாடம் இல்லை. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். காபனீரொட்சைட்டு கரைந்த மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கொதிக்கவைத்தால் அதே தாக்கம் திரும்பி நடந்து, கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல்சியம் காபனேற்று படிகிறது. அதைச் சுரண்டி வினாகிரியில் போட்டால் நுரைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கி ஓர் இரவு மூடிவைத்து, மேலே நிற்கும் தெளிநீரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு மழைநீர் சேர்த்து, அப்பச்சோடா வாயுவைக் குழாயால் விடுங்கள். முதலில் பால்போலாகும், தொடர்ந்து விட்டால் தெளியும். கிணற்றுநீரால் ஐதாக்கினால் வாயு விடுமுன்னமே கலங்கிவிடும், ஏனென்றால் அதில் உள்ள இருகாபனேற்று சுண்ணாம்போடு தாக்கமடைகிறது. குழாயால் ஊதுவது நீங்களாக இருந்தால் உறிஞ்சாமல் கவனம், சுண்ணாம்புநீர் கண்ணிலும் படக்கூடாது. கேத்தில், வினாகிரி, சுண்ணாம்புநீர்த் தாக்கங்களை மருமகனே எழுதி, பெட்டி கீறி, அணுக்களை எண்ணட்டும். கேத்தில் தாக்கம் எண் எதுவும் போடாமலே சமப்பட்டிருக்கும், அதையும் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்ப்பதானால் சொற்களை முதலே ஒட்டிக் கொடுங்கள். அங்கே தனிமம், இங்கே மூலகம். சேர்மம் எங்களுக்குச் சேர்வை, இணைதிறன் வலுவளவு, எலக்ட்ரான் இலத்திரன், வேதிவினை இரசாயனத் தாக்கம், மோல் மூல். இரண்டையும் கலந்து படித்த பிள்ளை பரீட்சைத் தாளில் 'தாக்கி' (தாக்கத்தில் ஈடுபடும் பொருள்) என்ற சொல்லைக் கண்டு தயங்கும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக அவனே எழுதிக்கொண்டு வரட்டும்.