வாசகர் கேள்வி–பதில்: புறாவால் இணைப்பைச் சம இடைவெளியில் வெட்டுவது எப்படி?

கேள்வி: 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எங்கள் தோட்டத்துப் பலா மரம் சாய்ந்துவிட்டது. அதை அறுத்து அடுக்கி வைத்திருந்த பலகைகளில் மகளுக்கு ஒரு துணிப்பெட்டி செய்து வருகிறேன். பலகையின் அகலம் 300 மி.மீ., கனம் 20 மி.மீ. மூலைகளில் புறாவால் இணைப்புக்காக (ஒரு பலகையின் முனையில் புறாவின் வால்போல் விரிந்த பற்களை வெட்டி, மறு பலகையின் பற்களுக்கு இடையே கோக்கும் முறை) ஸ்கேலால் அளந்து குறித்தால் கடைசி வால் மட்டும் ஒடுங்கிப்போகிறது. வெட்டிய பிறகு இரு பலகைகளும் ஒன்றுக்குள் ஒன்று சரியாக இறங்குவதும் இல்லை. என்ன செய்வது? — ஒரு வாசகர், பேராவூரணி.

பதில்: விழுந்த மரத்தை விறகுக்குத் தள்ளிவிடாமல் காத்திருந்து பெட்டிக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பது மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. தஞ்சாவூரில் வீணை செய்வதற்குத் தேர்ந்தெடுக்கும் மரமும் பலாதான். காய்ந்த பலா, கூரான உளிக்கு நன்றாகவே இணங்கும்.

ஒவ்வொரு வாலையும் முந்தைய கோட்டிலிருந்து அளந்து குறிப்பதால்தான் கடைசி வால் ஒடுங்குகிறது. ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால்கூட, ஐந்தாவது குறிக்கு வரும்போது அது இரண்டரை மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். ஆகவே எண்களைப் படித்து அளப்பதை விட்டுவிட்டு, பலகையின் அகலத்தையே டிவைடரால் பங்கிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கும், இரு முனையும் ஊசியாக உள்ள டிவைடரே இதற்குப் போதும்.

உங்கள் பலகைக்கு ஐந்து வால்கள் பொருந்தும். பலகையின் முனை விளிம்பில் இரு ஓரங்களிலிருந்தும் 15 மி.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொரு கோடு போடுங்கள். ஓரத்து முளை (மறு பலகையில் வால்களை ஒட்டி நுழையும் பல்) இதைவிட மெலிந்தால் பிளந்துவிடும். டிவைடரை 56 மி.மீ. அளவுக்கு விரித்து, இடக்கோட்டிலிருந்து, ஊசிகளை மாற்றி மாற்றி ஊன்றி, காலடி எடுத்து வைப்பதுபோல் ஐந்து அடி நடத்துங்கள். ஐந்தாவது அடி வலக்கோட்டைத் தாண்டி 10 மி.மீ. தொலைவில் விழ வேண்டும், ஏனெனில் அந்த 10 மி.மீ.தான் இரு வால்களுக்கு இடையே நீங்கள் விடப்போகும் இடைவெளி. கூடவோ குறையவோ விழுந்தால், அந்த வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் டிவைடரைத் திருத்திவிட்டு மறுபடி நடத்திப் பாருங்கள். சரியாக விழுந்ததும் ஊசியை மெல்ல அழுத்திக் குறியிட்டு, அதே விரிப்பை மாற்றாமல் வலக்கோட்டிலிருந்து இடப்புறமாகவும் நடத்தினால், 46 மி.மீ. அகலமுள்ள ஐந்து வால்களும் அவற்றுக்கு இடையே நான்கு இடைவெளிகளும் தாமாகவே விழுந்திருக்கும். டிவைடரின் விரிப்பு சற்றுப் பிசகியிருந்தாலும் ஐந்து வால்களும் ஒரே அளவாகத்தான் வரும் என்பதே இம்முறையின் பெரும் பலன்.

முனையிலிருந்து 20 மி.மீ. உள்ளே, பலகையின் கனத்துக்கு ஈடாக, நான்கு பக்கமும் அடிக்கோடு கிழித்துக்கொள்ளுங்கள். பலா போன்ற மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்ற சாய்வு போதும், 20 மி.மீ. ஆழத்தில் வாலின் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மில்லிமீட்டர் உள்வாங்கும். சாய்வைக் கூட்டினால் வாலின் நுனி மூலைகள் உதிரும். பெட்டியின் குட்டைப் பலகைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் வால்களை அறுப்பது நல்லது. வால்கள் குட்டைப் பலகைகளில் இருந்தால், உள்ளே திணித்த துணி முன்பலகையை வெளியே தள்ளினாலும் மூலை கழன்று வராது.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெட்டைப் பலகையில் முளைகளை மறுபடி அளந்து குறிக்கவே கூடாது. வெட்டி முடித்த வால்களை அதன் முனைமீது படுக்க வைத்து, அடிக்கோடு உட்புற விளிம்போடு பொருந்தும்படி இறுகப் பிடித்து, கூரிய கத்தி முனையால் வால்களின் ஓரத்தையே ஒட்டிக் கீறுங்கள். ரம்பம் கழிக்கும் பக்கத்தில் மட்டும் ஓட வேண்டும். கீறிய கோடு முளையிலேயே தங்க வேண்டும். மிச்சத்தை உளியால் பாதி ஒரு முகத்திலிருந்தும் பாதி மறுமுகத்திலிருந்தும் எடுத்தால் விளிம்பு பிய்யாது. அடிக்கடி கோத்துக் கழற்றிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் பிடிப்பு தளரும். வால்கள் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய இருந்தால் கண்ணுக்குத் தெரியாது; இணைப்பில் அரை மில்லிமீட்டர் சந்து இருந்தால் பெட்டி உள்ளவரை தெரியும்.

கேள்வி: வீட்டில் செய்த மரப்பெட்டியின் மூலைகள் உறுதியாக உள்ளன, ஆனால் அடிப்பலகை நடுவில் வெடித்துவிட்டது. காரணம் என்ன? — ஒரு வாசகி, நாகப்பட்டினம்.

பதில்: மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை, குறுக்குவாட்டில்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அடிப்பலகையைச் சுற்றிலும் ஆணியால் அறைந்திருப்பார்கள். சுருங்க வழியில்லாததால் வெடித்திருக்கும். நான்கு பக்கப் பலகைகளின் உட்புறத்தில் பள்ளம் எடுத்து, புதிய அடிப்பலகையைப் பசையோ ஆணியோ இல்லாமல் அதற்குள் செருகுங்கள். குறுக்குவாட்டில் இரு பக்கமும் சில மில்லிமீட்டர் இடம் விடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் மரம் ஏற்கெனவே உப்பியிருக்கும், அப்போது குறைவாக விட்டால் போதும்.