கேலக்ஸியின் நடுக் கருந்துளையை முடுக்கிவிடுவது, அதாவது வாயுவைத் தின்று ஆற்றலைக் கக்கும் ஏஜிஎன் ஆக்குவது, அந்தக் கேலக்ஸியின் நிறையா, சுற்றுப்புறமா? லட்சக்கணக்கான கேலக்ஸிகளை அளந்த ஸ்லோன் வானாய்வின் தரவில் இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

நிறைதான் முதல். சுற்றுப்புறத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நிறையைச் சமன் செய்யாமல் அந்தப் பங்கை அளக்க முடியாது. கேலக்ஸிக் கொத்துபோன்ற நெருக்கமான இடங்களில் இருக்கும் கேலக்ஸிகள் பொதுவாகவே நிறை கூடியவை. அதனால் 'கொத்துகளில் இவ்வளவு ஏஜிஎன், வெளியே இவ்வளவு' என்று வெறுமனே எண்ணினால், நிறையின் வேலை முழுக்கச் சுற்றுப்புறத்தின் கணக்கில் ஏறிவிடும்.

ஏஜிஎன் என்பது ஒரே சாதி அல்ல. குளிர்ந்த வாயு நிறைய விழுந்து பிரகாசமாக ஒளிர்வது ஒரு வகை. சூடான வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஒளியாக அல்லாமல் ரேடியோ தாரையாக ஆற்றலைத் தள்ளுவது இன்னொரு வகை. 2003இல் காஃப்மன் குழு ஸ்லோன் தரவில் பார்த்தபோது, முதல் வகை பெரும்பாலும் 1000 கோடி சூரிய நிறைக்கு மேற்பட்ட கேலக்ஸிகளில்தான் இருந்தது. இரண்டாம் வகையில் நிறையின் பிடி இன்னும் கடுமை. 2005இல் பெஸ்ட் குழு காட்டியபடி, ரேடியோ ஏஜிஎன் விகிதம் கேலக்ஸி நிறையின் 2.5 அடுக்காக ஏறுகிறது. நிறை இரு மடங்கானால் வாய்ப்பு ஐந்தரை மடங்குக்கு மேல். 50,000 கோடி சூரிய நிறையில் 30 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

கருந்துளையால் ஒரு கேலக்ஸியையே ஆட்டிவைக்க முடியுமா என்ற சந்தேகத்துக்குச் சின்னக் கணக்கு போதும். 10 கோடி சூரிய நிறைக்கு வளர்ந்த கருந்துளை, விழுந்த நிறையில் 10 சதவீதத்தை ஆற்றலாக விட்டிருந்தால், 10,000 கோடி சூரிய நிறையும் நொடிக்கு 200 கி.மீ. வேகச் சிதறலும் (உள்ளே விண்மீன்கள் ஓடும் வேகங்களின் பரவல்) கொண்ட கேலக்ஸியைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றலைப்போல் அது சுமார் 200 மடங்கு. அதில் சிறு பங்கு வாயுவில் சேர்ந்தாலே விண்மீன் பிறப்பு நின்றுபோகும்.

பெர்சியஸ் கொத்தின் நடுவில் உள்ள என்ஜிசி 1275இல் இதைக் கண்ணால் பார்க்கலாம். சந்திரா விண்தொலைநோக்கி எடுத்த எக்ஸ்கதிர்ப் படங்களில், பல கோடி டிகிரி வாயுவுக்கு நடுவே தாரைகள் ஊதிய குமிழிகள் வெற்றிடம்போல் தெரிகின்றன. வாயு மலைபோல் குவிந்து கிடக்கிறது. ஆனால் குளிர்ந்து விண்மீனாக மாற விடாமல் கருந்துளை சூடேற்றிக்கொண்டே இருக்கிறது. நிறையும் சுற்றுப்புறமும் இங்கே பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. அதனால் கொத்தின் மையக் கேலக்ஸியையும் அதைச் சுற்றிவரும் துணைக் கேலக்ஸிகளையும் ஒரே கூடையில் போடவே கூடாது.

துணைக் கேலக்ஸியின் கதை வேறு. கொத்துக்குள் நொடிக்கு ஆயிரம் கி.மீ. வேகத்தில் பாய்கையில், அங்குள்ள சூடான வாயு எதிர்க்காற்றாக அடித்து அதன் குளிர்ந்த வாயுவைப் பிய்க்கிறது. வால் நீண்ட இவற்றை ஜெல்லிமீன் கேலக்ஸி என்கிறோம். 2017இல் பொஜ்ஜியாந்தி குழு வால் மிக நீண்ட ஏழை ஆராய்ந்ததில் ஆறில் ஏஜிஎன் இருந்தது. ஆனால் அந்த ஏழும் 4000 கோடி சூரிய நிறைக்குக் குறையாதவை, அதாவது ஏஜிஎன் சாதாரணமாகவே அதிகம் தென்படும் எடை. பிறகு வந்த பெரிய தொகுப்புகளில் விகிதம் இவ்வளவு வரவில்லை. நிறையோடு சேர்ந்து ஏறவும் செய்கிறது. இருந்தாலும், ஏபெல் 85 கொத்தின் ஜேஓ201ஐ இந்தியாவின் அஸ்ட்ரோசாட் புறஊதாவில் எடுத்த படம் அருமையானது: ஏஜிஎன்னைச் சுற்றி இளம் விண்மீன்கள் இல்லாத ஒரு பள்ளம் தெரிகிறது.

இனி தரவு. ஸ்லோன் கேலக்ஸிகளுக்கான எம்பிஏ-ஜேஎச்யு (MPA-JHU) பட்டியலில் நிறையும் நிறமாலைக் கோடுகளும் தயாராகவே கிடைக்கும். ஹைட்ரஜன் ஆல்ஃபா, பீட்டா, 5007 ஆங்ஸ்ட்ராம் அலைநீள ஆக்ஸிஜன், 6584 ஆங்ஸ்ட்ராம் நைட்ரஜன் ஆகிய நான்கு கோடுகளும் இரைச்சலைப்போல் மூன்று மடங்காவது இருக்கிறவற்றை எடுத்து பிபிடி (BPT) வரைபடத்தில் இடுங்கள்; கோடுகளின் விகிதத்தை வைத்து ஏஜிஎன்னையும் விண்மீன் பிறப்பையும் பிரிப்பது அது. அதோடு நிறுத்தினால் தவறு வரும். மூப்படைந்த கேலக்ஸிகளில் வயதான விண்மீன்களின் ஒளியே வாயுவை அயனியாக்கி ஏஜிஎன் போல வேடம் காட்டும். ஆல்ஃபா கோட்டின் சமான அகலம் (பின்னணி ஒளியோடு ஒப்பிட்ட கோட்டின் வலு) 3 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருப்பவற்றைத் தனியே ஒதுக்குங்கள். இந்தப் படியை விட்டால் கொத்துகளில் ஏஜிஎன் பொய்யாகக் கூடும், ஏனென்றால் மூத்த கேலக்ஸிகள் குவிந்திருப்பது அங்கேதான். அகன்ற கோடு கொண்ட ஏஜிஎன்களையும் ('டைப் 1' என்பவை) நீக்குங்கள். மைய ஒளி கலந்து நிறைக் கணக்கு கெட்டுப்போகும்.

சுற்றுப்புறத்துக்கு, ஐந்தாவது அண்டைக் கேலக்ஸி வரையான தூரத்தை எடுங்கள்; வேக வித்தியாசம் நொடிக்கு ±1000 கி.மீ. வரம்புக்குள் இருப்பவற்றை மட்டும் அண்டையாக எண்ணுங்கள். ±500 வைத்தால் பெரிய கொத்தின் உறுப்பினர்களே வெளியே போய்விடுவார்கள். ஸ்லோனில் ஒவ்வொரு கேலக்ஸியின் ஒளியையும் தட்டில் செருகிய ஓர் ஒளியிழை பிடிக்கும்; வானில் 55 விகலை (கோண நொடி) இடைவெளிக்குள் இரண்டு இழைகளை ஒரே தட்டில் பொருத்த முடியாது என்பதால், நெரிசலான இடத்தில்தான் அதிகம் விடுபடும். அடர்த்தி குறைவாகத் தெரியும். இழையின் அகலம் 3 விகலை. செம்பெயர்ச்சி (தூரம் கூடக் கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.1இல் அது சுமார் 18,000 ஒளியாண்டு, 0.03இல் 6,000கூட இல்லை. தூரத்தில் வட்டின் ஒளி கலந்து பலவீனமான ஏஜிஎன் மறைந்துவிடும். அதனால் ஒப்பீட்டுத் தொகுப்பைச் செம்பெயர்ச்சியிலும் பொருத்தியாக வேண்டும்.

இன்னொரு பொறி மிக நுட்பமானது. 10 லட்சம் சூரிய நிறைக் கருந்துளையும் 10 கோடி சூரிய நிறைக் கருந்துளையும் எட்டிங்டன் எல்லையில் (தன் நிறைக்கு ஒரு கருந்துளை ஒளிரக்கூடிய உச்ச அளவு) ஒரே 1 சதவீதத்தில் தின்றாலும், பின்னது 100 மடங்கு பிரகாசம். சின்னது கணக்கிலேயே வராது. 2012இல் ஏர்ட் குழு எக்ஸ்கதிர்த் தரவில் காட்டியது இதைத்தான்: 'பெரிய கேலக்ஸியில்தான் ஏஜிஎன்' என்று தெரிவதில் பெரும்பங்கு இந்தத் தேர்வு விளைவு. ஒளியளவை விட்டுவிட்டு, நிறைக்கு இவ்வளவு என்ற விகிதத்தில் வெட்டினால் அந்தச் சரிவு வெகுவாகத் தட்டையாகும். ரேடியோ வகையின் சரிவு மட்டும் அவ்வளவு எளிதில் போகாது.

கடைசிப் படி: ஒவ்வொரு ஏஜிஎன்னுக்கும் நிறையில் 0.1 டெக்ஸ் (மடக்கை அளவில் 0.1, அதாவது சுமார் 25 சதவீதம்), செம்பெயர்ச்சியில் 0.01க்குள் வரும் சாதாரணக் கேலக்ஸிகளைப் பொருத்துங்கள். மையம், துணை என இரண்டாகப் பிரித்தே செய்யுங்கள். விண்மீன் பிறப்பு வீதத்தை முதல் சுற்றில் பொருத்தாதீர்கள். சுற்றுப்புறம் வேலை செய்வதே வாயுவின் வழியாகத்தான். பிறப்பு வீதத்தைச் சமன் செய்தால் நீங்கள் தேடும் விளைவையே அழித்துவிடுவீர்கள். அதைச் சேர்த்து இரண்டாம் சுற்று ஓட்டுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையிலான வித்தியாசம், சுற்றுப்புறத்தின் பங்கில் எவ்வளவு வாயுவின் வழியே வந்தது என்று கோடிகாட்டும்.